பழைய பட்டாளத்துத் தோலுக்கு எண்ணெய் வேண்டாம்

பழைய ராணுவப் பொருள் சேகரிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாளுக்கும் பதக்கத்துக்கும்தான் போவார்கள். எனக்குத் தோல் பிடித்துப்போயிற்று. இடுப்பு வார், தோட்டா வார், பயோனெட் என்ற துப்பாக்கிமுனைக் கத்தியின் உறையைத் தொங்கவிடும் பட்டை, கைத்துப்பாக்கி உறை, சேணத்திலிருந்து கழன்ற உதிரி வார்கள். வாளைத் தேய்த்தால் பளபளக்கும், யார் பிடித்திருந்தார்கள் என்று சொல்லாது. தோல் சொல்லும். எந்தத் துளையில் கொக்கியை மாட்டினான், எந்தப் பக்கம் கனம் தொங்கியது, உடம்பு இளைத்த பிறகு ஆணியால் புதுத் துளை போட்டுக்கொண்டானா என்பதையெல்லாம் நூறு வருஷம் கழித்தும் அதில் படிக்கலாம்.

எனக்கு இதில் ஈடுபாடு உண்டு என்று தெரிந்தவர்கள் அவ்வப்போது படம் எடுத்து அனுப்பிக் கேட்பார்கள்: “தாத்தாவோட பெல்ட் சார், காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கு. என்ன எண்ணெய் போடலாம்?” ஒன்றும் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். கேட்டவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டுமானால் அந்தத் தோல் எப்படிப் பதமானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வாணியம்பாடி, திண்டுக்கல் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம். போலீஸ் அதிகாரிகள் அணியும் கிராஸ் பெல்ட் எல்லோருக்கும் தெரியும். அதன் மூதாதை சாம் பிரவுன் பெல்ட். சாமுவேல் பிரவுன் 1824-இல் வங்காளத்தின் பாரக்பூரில் பிறந்தவர், பஞ்சாபில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். 1858 ஆகஸ்ட் 31 அன்று பிலிபித் அருகே, கிளர்ச்சிப் படையின் பீரங்கி ஒன்றை நோக்கி ஒரே ஒரு சவாரை, அதாவது இந்தியக் குதிரைவீரனை, துணைக்கு வைத்துக்கொண்டு பாய்ந்தார். அந்தச் சண்டையில் அவருடைய இடது கை தோளருகே வெட்டுண்டு போயிற்று. அக்காலத்து வாளுறை இடுப்பிலிருந்து நீளமான வார்களில் ஆடிக்கொண்டு தொங்கும். இடது கையால் உறையைப் பிடித்துக்கொண்டால்தான் வலது கையால் வாளை உருவ முடியும். ஒற்றைக் கைக்காரருக்கு அது ஆகாத காரியம். உறை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டையும், கனத்தைத் தாங்கத் தோள்மேல் ஏறும் வாரும் சேர்த்து அவர் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். அதைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் செய்துகொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர்க் காலத்துக்குள் பிரிட்டிஷ் ராணுவத்திலேயே அது ஊன்றிவிட்டது. முதல் உலகப் போரில் அதிகாரி என்றால் சாம் பிரவுன் என்று ஆகிப்போனது. அது இல்லாத ஓர் அதிகாரியின் படத்தை அந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாதாரணச் சிப்பாயின் தோல் வேறு. 1888-இல் வந்த ஸ்லேட் வாலஸ் வகை, மீன் எண்ணெயில் பதம் செய்த பஃப் தோல். அதன்மேல் பைப் கிளே என்ற வெள்ளைக் களிமண்ணைப் பூசிப் பூசி அணிவகுப்புக்குப் போனார்கள். போயர் போர் அந்த வெள்ளையை ஒழித்தது. 1903-இல் பழுப்புத் தோல் தோட்டா வார் வந்தது. தோளில் குறுக்காகப் போடுவது. காலாட்படைக்காரனுக்கு ஐந்து பைகள், 50 தோட்டா. குதிரைப்படைக்காரனுக்கு முதுகுப்பக்கம் இன்னும் நான்கு சேர்த்து ஒன்பது பைகள், 90 தோட்டா. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியக் குதிரைப்படையினரின் படங்களில் தோளில் குறுக்கே தெரிகிற வார் இதுதான்.

இந்தத் தோல் வாரிலும் குறை இருந்தது. நனைந்தால் நீளும், காய்ந்தால் விறைக்கும், பாரம் ஒரே தோளில் இறங்கும். 1908-இல் மில்ஸ் கம்பெனியின் பருத்திப் பட்டைக்கு ராணுவம் மாறியது. தோலின் காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1914-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் லட்சக்கணக்கில் புது ஆட்களைச் சேர்த்தார். அத்தனை பேருக்கும் பருத்திப் பட்டை நெய்துகொடுக்க அந்தக் கம்பெனியால் முடியவில்லை. ஆனால் சேணம் தைக்கிற பட்டறைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏராளம். அவசர அவசரமாக 1914 மாதிரி என்று ஒரு தோல் சாமான் தொகுதியை வடிவமைத்தார்கள். பாம்பு வடிவக் கொக்கி வைத்த இடுப்பு வார், இரண்டு பக்கமும் பெரிய தோட்டாப் பைகள். என் சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். அழகில் சாம் பிரவுனுக்குக் கிட்டே வராது. ஆனால் அதைக் கையில் எடுத்தால் அந்த வருஷத்து அவசரம் அப்படியே தெரியும். ஒரே பையில் ஒரு பக்கத் தோல் தடிமன், மறுபக்கம் மெலிசு. கிடைத்ததை வெட்டித் தைத்திருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோலைப் பதனிடுவது என்றால் மயிரைச் சுண்ணாம்பில் கழித்து, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, அழுகாமல் நிறுத்துவது. பட்டையில் இருக்கும் துவர்ப்புதான் வேலை செய்கிறது. எந்த மரத்தின் துவர்ப்பு என்பதில்தான் அந்தத் தோலின் ஆயுள் இருக்கிறது. இங்கிலாந்தில் கனமான வார்த் தோலுக்கு ஓக் மரப்பட்டை. ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் குழியில் கிடக்கும். கான்பூரில் 1860-களில் அரசு தொடங்கிய சேணத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த தோல் தொழிலுக்குக் கருவேலம்பட்டை. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை. தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். பட்டையில் ஊறி வந்த தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்தால் நிறம் வெளுத்து, தொட்டால் இதமாக இருக்கும். திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், திருச்சி, பல்லாவரம் என்று பல ஊர்களில் பதமான இந்தத் தோல் லண்டன் சந்தைக்குக் கப்பல் ஏறியது. அங்கே அதற்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். இன்றும் ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

முதல் உலகப் போரில் இந்தத் தோலின் மதிப்பு எகிறியது. நம் நாட்டு மாட்டுத்தோல் சிறியது, மெல்லியது, ஆனால் உறுதியானது. பூட்ஸின் மேல்பாகத்துக்கு அதுதான் சரி என்று பிரிட்டிஷ் போர்த் துறை கண்டுகொண்டது. சென்னை மாகாணத்து டேனரிகளின் சரக்கை அரசே மொத்தமாக வாங்கியது. பெல்ஜியத்துப் போர்முனையான பிளாண்டர்ஸ் சேற்றில் நடந்த எத்தனையோ பூட்ஸுகளில் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு ஊறியிருந்தது. நம் ஊர்களில் அந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எம்டன் குண்டு போட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டை இடித்தவர்களையும் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் அந்தத் துவர்ப்பில் ஒரு பலவீனம் இருக்கிறது. தாவரத் துவர்ப்பில் இரண்டு சாதி. ஆவாரை, கருவேலம், வாட்டில், தென் அமெரிக்கக் கெப்ராச்சோ ஒரு பக்கம். கடுக்காய், சுமாக் இலை இன்னொரு பக்கம். முதல் சாதி, காற்றில் இருக்கும் கந்தக வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நாளடைவில் தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறி நார்களை அறுக்கும். இதன் பெயர் ரெட் ராட். லண்டன் அத்தீனியம் கிளப்பின் தோல் நாற்காலிகள் கேஸ் விளக்குப் புகையில் கெட்டதை 1843-லேயே ஃபாரடே ஆராய்ந்திருக்கிறார். லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு, புத்தக பைண்டிங்குக்கான தோல்களைச் சோதித்துவிட்டு, 1901-இல் சுமாக்கில் பதமானது நிற்கிறது, ஈஸ்ட் இந்தியா தோல் சீக்கிரம் உதிர்கிறது என்று சொன்னது. பூட்ஸுக்கு அது குறையே இல்லை. ஒரு சிப்பாயின் பூட்ஸ் சில மாதம் தாங்கினால் போதும். நூறு வருஷம் அதை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது குறை.

ரெட் ராட்டைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. வாரை வெள்ளைத் துணியின்மேல் வைத்து எடுங்கள். துணியில் செங்கல் நிறத் தூள் ஒட்டியிருந்தால் அதுதான். கொஞ்சம் புளிப்பான வாடை வரும். மேல்தோல் செதில் செதிலாக எழும்பி, கீழே நார் பஞ்சுபோலத் தெரியும். தோலின் பி.எச். அளவு 3-க்கும் கீழே போயிருக்கும், அதாவது அமிலம் அவ்வளவு ஏறியிருக்கும். அந்த நிலையில் இருக்கும் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்த இடம் கறுத்து இறுகிவிடும், திரும்ப வரவே வராது. ஈரத்துணியால் துடைத்தார்கள் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, எண்ணெய். பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய், கடைக்காரர் சொன்ன மாட்டுக்கால் எண்ணெய், சேடில் சோப், பூட் பாலிஷ் எல்லாம் உபயோகத்தில் இருக்கும் தோலுக்கானவை. குதிரைமேல் தினமும் வியர்வையில் நனைகிற வாருக்கு எண்ணெய் வேண்டும். அலமாரியில் கிடக்கும் வாருக்கு எதற்கு? போட்டவுடன் மெத்தென்று ஆகி, நிறம் செழித்து, போட்டவர் மனம் குளிரும். அப்புறம் அந்த எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இறுகும். தோல் கறுக்கும். தூசி ஒட்டும். பூஞ்சைக்குத் தீனி கிடைக்கும். வெடித்த நார் எண்ணெயால் ஒட்டிக்கொள்ளாது, கனம் ஏறி இன்னும் சீக்கிரம் அறும். பிரிட்டிஷ் மியூசியமே கம்பளிக் கொழுப்பு, தேன்மெழுகு, செடார் எண்ணெய் கலந்த ஒரு பூச்சை ஒரு காலத்தில் பரிந்துரைத்தது. உலகம் முழுக்க நூலகங்கள் அதைப் பூசின. இன்று பாதுகாப்பாளர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பித்தளை இருக்கும் இடத்தில் எண்ணெய் இன்னொரு வேலை செய்யும். என்னிடம் உள்ள குதிரைப்படைத் தோட்டா வாரைச் சொல்கிறேன். ஒவ்வொரு பையின் மூடியையும் பித்தளைக் குமிழ் ஒன்று பிடித்திருக்கிறது. வெளியே கருத்த சாக்லேட் நிறம். மூடியைத் தூக்கினால் வெயில் படாத இடத்தில் தேன் நிறம். குமிழைச் சுற்றிப் பச்சையாக ஏதோ ஒன்று பிதுங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் மெழுகு மாதிரி நசுங்கும். தோலில் இருக்கும் கொழுப்பு அமிலமும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டான செம்புச் சோப்பு அது. எண்ணெய் போடப் போட அது வளரும். தையல் துளை வழியாக நூலுக்குள் போய், நூலைத் தின்று, வாரையே பிளக்கும். நான் செய்வது இவ்வளவுதான்: மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி மெதுவாகச் சுரண்டி எடுப்பது, மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றுவது, அந்தப் பஞ்சு தோலில் படாமல் பார்த்துக்கொள்வது. பித்தளை பாலிஷ் போடவே கூடாது. அது தையலுக்குள் வெள்ளைப் பொடியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுக்கவே முடியாது. ஸ்லேட் வாலஸ் வகையில் இருக்கும் பைப் கிளே வெள்ளையையும் கழுவித் தள்ளாதீர்கள். அது அழுக்கல்ல, சிப்பாய் தன் கையால் பூசியது.

ரெட் ராட் பிடித்ததற்கு மருந்தே இல்லையா என்றால், அரித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது, உதிர்வதை நிறுத்தலாம். க்ளூசெல் ஜி என்று ஒரு செல்லுலோஸ் பொடி இருக்கிறது. தண்ணீரில் இல்லாமல் ஆல்கஹாலில் 1 அல்லது 2 சதவீதம் கரைத்து, மெல்லிய தூரிகையால் தடவினால் தூளைப் பிடித்து நிறுத்தும். சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹால் இதற்குப் போதும். முதலில் கண்ணில் படாத மூலையில் தடவி, காயவிட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் செய்கிற வேலை. அவசரம் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால் எல்லோரும் பூஞ்சை என்று பதறுவார்கள். பாதி நேரம் அது பூஞ்சையாக இருக்காது, பழைய கொழுப்பு மேலே வந்து உறைந்ததாக இருக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, ஒரு கணம் காட்டுங்கள். கொழுப்பானால் உருகி மறையும், பூஞ்சையானால் அப்படியே நிற்கும். பூஞ்சை என்று தெரிந்தால் வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, மற்றப் பொருட்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

சென்னையில் இதற்கெல்லாம் பெரிய எதிரி காற்றின் ஈரம். 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை வரும். 40-க்குக் கீழே போனால் தோல் இறுகும். 45 முதல் 55 வரை வைத்தால் உத்தமம். ஏ.சி.யை இரவெல்லாம் ஓடவிட்டுப் பகலில் நிறுத்துகிற அறை, மோசமான அறை. ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தோல் உப்பிச் சுருங்கி நார் அறுகிறது. வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை, மர பீரோவின் நடுத்தட்டு, உள்ளே சிறிய ஈரமானி, சிலிக்கா ஜெல் பொட்டலம். இவை போதும். பாலித்தீன் உறையில் கட்டி வைக்காதீர்கள், மூச்சு முட்டும். கஞ்சி போடாத பழைய வேட்டியைத் துவைத்து அதில் சுற்றினால் அதைவிட நல்ல உறை இல்லை. கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். வாரைக் கொக்கி மாட்டி வளையமாக வைக்கக் கூடாது, மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். நீட்டிப் படுக்க வைக்க வேண்டும். பைகளுக்கும் உறைகளுக்கும் உள்ளே அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தைத் தளர்வாக அடைத்தால் வடிவம் குலையாது. துப்பாக்கி உறைக்குள் அது பிறந்தபோது இருந்த வடிவத்தைத் திணிக்கப் பார்க்காதீர்கள். இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே தாங்கிப் பிடித்தால் போதும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சினிமாவுக்கும் பழைய போர்களை நடித்துக் காட்டும் வெளிநாட்டு ஆர்வலர்களுக்கும் இன்று கான்பூரிலிருந்து நகல் சாமான்கள் ஏராளமாகப் போகின்றன. நல்ல கைவேலை. நகல் என்று சொல்லி விற்றால் ஒரு தப்பும் இல்லை. அதையே பழையது என்று கைமாற்றுகிறவர்கள்தான் பிரச்சினை. தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோமில் பதமான தோல். 1903, 1914 வகை வார்களில் அது இருக்கக் கூடாது. குரோம் முறை நமக்குப் புதிதும் அல்ல. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வரக் காரணமான குரோம் லெதர் கம்பெனி முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே வந்துவிட்டது. ஆனால் ராணுவ வாருக்குத் தாவரப் பதமே வழக்கம். அப்புறம் முத்திரை. பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி. இந்திய அரசுக்கானதில் அம்போடு I என்ற ஆங்கில எழுத்தும் சேரும். பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரோ எழுத்துகளோ, வருஷமோ இருக்கும். பழைய முத்திரை தோலோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். தேய்ந்த தோலில் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். துளையைப் பாருங்கள். பல வருஷம் கொக்கி இழுத்த துளை ஒரு பக்கமாக நீண்டிருக்கும், அதைச் சுற்றி மடிப்பு விழுந்திருக்கும். மற்றத் துளைகள் வட்டமாகவே இருக்கும். எல்லாத் துளையும் ஒரே அளவு கிழடு தட்டியிருந்தால் அது யாரோ உட்கார்ந்து செய்த கிழடு.

இன்னொன்று, 1914-15 சாமான்கள் எல்லாம் நூறு வயதைத் தாண்டிவிட்டன. 1972 தொல்பொருள் சட்டத்தில் ஒரு பொருளைத் தொல்பொருளாகக் கணக்கிட நூறு வருஷம்தான் எல்லை. வெளிநாட்டுக்கு விற்க நினைக்கிறவர்கள், அனுப்புகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நம் அருங்காட்சியகங்களில் வாளுக்குத் தனிப் பெட்டியும் வாருக்கு மூலையும் கிடைப்பது எனக்கு வருத்தம். அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. தோலின் வேதியியல் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் ஒரே ஊரில் இருக்கும்போது, பழைய தோலைக் காப்பாற்றும் வேலைக்கு இந்தியாவிலேயே முதல் இடமாகச் சென்னைதான் இருக்க வேண்டும். அது நடக்கும் வரை வேலை நம் வீடுகளில்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் பட்டாளத்துக்குப் போன பெரியவர் ஒருவரின் பெல்ட்டோ தோட்டா வாரோ கிடந்தால், கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். வேறெதுவும் செய்வதற்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, முத்திரை, துளைகள், உட்புறத்தில் மையாலோ கத்தி முனையாலோ எழுதிய எண்கள். அணிந்தவர் பெயர், படைப்பிரிவு, அந்த வார் வீட்டுக்கு எப்படி வந்தது என்று தெரிந்தவரை ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலில் கோத்து அதோடு வையுங்கள். அதற்கு முன்பே யாராவது எண்ணெயோ பாலிஷோ போட்டிருந்தால் என்ன போட்டார்கள், எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம். அடுத்து அதைக் கையில் எடுக்கிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று முடிவெடுக்க அதைத்தான் முதலில் தேடுவார்.